கருங்காய்ச்சலை வென்ற பெரியார் டாக்டர் ஸர் உபேந்திரநாத் பிரம்மசாரி

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, இன்று கொல்கத்தா என்று வழங்கும் இக்கல்கத்தா மாநகரம் இரண்டாம் தாயகமாக விளங்கி வருகிறது. கிடர்பூரிலும் கார்டன் ரீச்சிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் உழைத்து, தாய்மொழியையும் மறவாது, மக்களை ஆளாக்கி வருகிறோம். உண்ட வீட்டின் பெருமையைப் போற்றுவது தமிழர் பண்பு. ஆண்டு விழா மலரில் நம் நாட்டுப் புலவர்களையும் தலைவர்களையும் பற்றி எழுதுவது வழக்கம், அது வேண்டுவதே. எனினும், நமக்குச் சோறிட்ட இவ்வூரில் வாழ்ந்து பல இலட்சம் உயிர்களைக் காத்த ஒரு பெரியாரின் வரலாற்றையும் நம் குழந்தைகள் அறிதல் நன்று என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

வங்கம் என்றவுடன் கவியரசர் தாகூரும், சுவாமி விவேகானந்தரும், நேதாஜியும் நம் நினைவுக்கு வருகின்றனர். மருத்துவ உலகில் அவ்வாறு போற்றத் தக்கவர் டாக்டர் ஸர் உபேந்திரநாத் பிரம்மசாரி அவர்கள். அவர் ரயில்வே டாக்டர் ஒருவரின் மைந்தர். ஆதலின் இருப்புப் பாதை ஊழியராகிய எமக்கு அவர்பால் ஒரு தனி உரிமையும் உண்டு.

இளமையும் கல்வியும்

உபேந்திரநாத் 1873-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார். அவர் குடும்பத்தார் வர்த்தமான் மாவட்டத்தைச் சேர்ந்த சர்டங்கா என்னும் சிற்றூரினர். தந்தையார் நீல்மணி பிரம்மசாரி. தாயார் சௌரவ சுந்தரி தேவி. கிழக்கிந்திய ரயில்வேயின் பெரிய தொழிற்சாலை 1862 முதல் நடைபெற்று வந்த ஜமால்பூரில் தந்தையார் மருத்துவராக இருந்தார். அங்குள்ள ரயில்வேப் பள்ளியிலேயே மைந்தர் கல்வி பயின்றார். ஆவியும் புகையும் சுத்தியல் ஓசையும் சூழ்ந்த ஊரில், தொழிலாளரின் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் மருந்திடும் தந்தையைக் கண்டு வளர்ந்த பிள்ளை அவர்.

ஹூக்ளிக் கல்லூரியில் சேர்ந்து, 1893-இல் கணிதத்திலும் இரசாயனத்திலும் சிறப்புடன் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் இரசாயனத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். பின்னர் மருத்துவக் கல்வியை முடித்தபோது, மருத்துவம், அறுவை ஆகிய இரண்டிலும் முதல் மாணவராகத் தேறி மெடல்கள் பெற்றார். 1902-இல் எம்.டி. பட்டமும், 1904-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் பிஎச்.டி. பட்டமும் அவரை அடைந்தன. மருத்துவரே இரசாயன நிபுணராகவும் இருப்பது அக்காலத்தில் அரிது. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் கூடியமையே பிற்காலத்தில் பல இலட்சம் மக்களுக்கு உயிர்ப்பிச்சையாக முடிந்தது.

உதிரத்தின் உள்ளே

அவர் பிஎச்.டி. பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவது எவ்வாறு என்பதாகும். இதைச் சிறிது விளக்குவது இளைஞர்க்குப் பயன்படும்.

நம் உதிரம் கண்ணுக்கு ஒரே சிவப்பு நீராகத் தோன்றினும், மைக்ராஸ்கோப் என்னும் நுண்காட்டியில் வைத்துப் பார்த்தால் அதில் எண்ணிறந்த அணுக்கள் மிதப்பது தெரியும். ஒரு கடுகளவினும் குறைந்த ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 50 இலட்சம் சிவப்பணுக்கள் உண்டு. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 130-க்கு மேல் அடங்கும். மூச்சுக் காற்றின் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் கூலியாட்கள் இவையே. நோய்க் கிருமிகளோடு போரிடும் காவலர்கள் வெள்ளையணுக்கள். காயம் பட்டவுடன் ஓடிச்சென்று ஒன்றோடொன்று ஒட்டி, இரத்தத்தை உறையச் செய்து, உடைப்பை அடைக்கும் சிறு தட்டணுக்கள் மூன்றாம் வகை.

உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்தால் அது நீரை உறிஞ்சி உப்புவதை நம் இல்லங்களில் காண்கிறோம். சிவப்பணுவும் அத்தன்மையதே. அளவான உப்பு நீரில் அது உருக்குலையாமல் இருக்கும். வெறும் நீரில் இட்டால் நீரை உறிஞ்சி, உப்பி, மெல்லிய தோல் வெடித்து, உள்ளிருக்கும் செம்பொருளைச் சிந்திவிடும். எந்த நிலையில் அணு தாங்கும், எந்த நிலையில் உடையும் என்பதை அளந்து காண்பதே இவ்வகை ஆராய்ச்சி. ஒரு துளி உதிரத்தில் ஓர் உலகத்தைக் காணும் பொறுமையை உபேந்திரநாத் இதனாற் பெற்றார்.

காலா அஜார் என்னும் கூற்றுவன்

அந்நாளில் வங்கத்தையும் அஸ்ஸாமையும் பீகாரையும் வாட்டிய கொடிய நோய் காலா அஜார் என்பது. கருநோய் என்பது இப்பெயரின் பொருள். நோயாளியின் மேனி கருமை பாய்வதால் இப்பெயர் வந்தது. நாம் கருங்காய்ச்சல் எனலாம். மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும். உடல் எலும்பாய் இளைக்கும். இடப்பக்கத்து மண்ணீரல் மட்டும் பானைபோல் வீங்கி வயிற்றை நிறைக்கும். இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மச்சையையும் நோய் பற்றுவதால், மேற்கூறிய மூவகை அணுக்களும் குறைந்துவிடும். சிவப்பணுக் குறைவால் சோகை. வெள்ளையணுக் குறைவால் பிற நோய்கள் எளிதில் புகும். தட்டணுக் குறைவால் ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசிந்து உறையாமல் ஒழுகும். மருந்தில்லாத நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். அஸ்ஸாமின் நௌகாங் மாவட்டத்தில் 1891 முதல் 1901 வரையுள்ள பத்தாண்டுகளில் மக்கள் தொகை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்றால், இதன் கொடுமையை என்னென்பது!

உபேந்திரநாத்தின் சொந்த மாவட்டத்தின் பெயராலேயே வர்த்தமான் காய்ச்சல் என்று வழங்கிய கொள்ளை நோயும் அவர் பிறப்பதற்கு முன்னிருந்தே ஊர் ஊராக அழித்து வந்தது. அது மலேரியாவா, காலா அஜாரா என்று மருத்துவர்கள் பல்லாண்டு வாதிட்டனர். அவ்வாராய்ச்சியிலும் பிற்காலத்தில் அவர் ஈடுபட்டார்.

நோயின் முதலைக் கண்டவர்கள்

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியைத் தேடி, வாய்ப்பறிந்து செய்க என்னும் முறையை வள்ளுவப் பெருந்தகை மருத்துவர்க்கு வகுத்துத் தந்திருக்கிறார். காலா அஜாரின் வரலாறு அப்படியே அம்முறையில் நடந்திருப்பது வியப்புக்குரியது.

நம் டம்டம்மில் பணியாற்றி, அங்கே காய்ச்சல் கண்டு, இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலை 1900-இல் லீஷ்மன் என்னும் இராணுவ மருத்துவர் நுண்காட்டியில் ஆராய்ந்தார். முட்டை வடிவான நுண்ணிய உருவங்கள் பல அதில் தென்பட்டன. 1903-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் அதனை வெளியிட்டார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் டோனவன் என்பவர், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த இரத்தத்திலேயே அவ்வுருவங்களைக் கண்டார். அவற்றுக்கு லீஷ்மேனியா டோனவனி என்னும் பெயரைச் சூட்டியவர் ஸர் ரொனால்ட் ராஸ். மலேரியாக் கிருமி கொசுவினுள் வளரும் முறையை 1898-இல் கண்டறிந்து உலகப் புகழ் பெற்ற அவர் ஆராய்ந்த இடம், நம் கிடர்பூருக்கு மிகவும் தொலைவில்லாத பி.ஜி. ஆஸ்பத்திரியேயாகும். ஆகவே இக்கிருமியைக் கண்ட பெருமையில் நாம் விட்டு வந்த சென்னைக்கும், வந்து சேர்ந்த கல்கத்தாவுக்கும் பங்குண்டு.

நோயின் முதல் தெரிந்தது. தணிக்கும் வழி தெரியவில்லை. அதைத் தேடியவர் உபேந்திரநாத்.

லாந்தர் வெளிச்சத்தில்

டாக்காவில் மருத்துவ ஆசிரியராகச் சில ஆண்டுகள் இருந்த அவர், 1905-இல் கல்கத்தாக் காம்பெல் மருத்துவப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகில் இன்று நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி என்று விளங்குவது அதுவே. ஏறத்தாழ 18 ஆண்டுகள் அங்கே பணி புரிந்தார். பகலெல்லாம் நோயாளிகள், மாணவர்கள், பிறகே ஆராய்ச்சி.

ஆராய்ச்சிக்கென அவருக்குக் கிடைத்தது காற்றோட்டமில்லாத ஒரு சிறு அறை. அதில் காஸ் அடுப்பு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்விளக்கும் இல்லை. இரவில் மண்ணெண்ணெய் லாந்தர் விளக்கே துணை. அவ்வெளிச்சத்தில் அவர் பல ஆண்டுகள் மருந்துக் கூட்டுகளைக் காய்ச்சியும் வடித்தும் சோதித்தும் வந்தார்.

ஆன்டிமனி என்னும் உலோகம் இந்நோய்க்கு எதிரி என்பது அப்பொழுது வெளிப்படத் தொடங்கியிருந்தது. கண்ணுக்கு மையிட நம் முன்னோர் பயன்படுத்திய அஞ்சனக்கல் இவ்வுலோகத்தின் தாதுவே. இதனுடைய உப்பு ஒன்றைப் பிரேசில் நாட்டு மருத்துவர் வியானா தோல் புண்ணுக்குக் கையாண்டு வெற்றி கண்டார். 1915-இல் இத்தாலியர் சிசிலித் தீவிலும், ஸர் லியனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவிலும் அதைக் காலா அஜாருக்கு ஊசி வழியாகச் செலுத்தினர். பலர் பிழைத்தனர். ஆயினும் அம்மருந்து கொடியது. வாந்தியும் இருமலும் இதயத் தளர்ச்சியும் உண்டாக்கும். மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும். ஏழை நோயாளி பாதியில் ஓடிவிடுவான், நோய் திரும்பும்.

இங்கேதான் உபேந்திரநாத்தின் இரசாயன அறிவு கை கொடுத்தது. ஜெர்மானிய அறிஞர் எர்லிக், ஆர்சனிக் என்னும் பாஷாணத்தைக் கரியின் கூட்டுப் பொருள்களோடு இணைத்து, நச்சைக் குறைத்து, மேக நோய்க்கு மருந்தாக்கி 1910-இல் வழங்கியிருந்தார். ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் மூலகங்களின் அட்டவணையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்ணனுக்குச் செய்ததைத் தம்பிக்கும் செய்து பார்த்தால் என்ன? இவ்வழியே சென்ற அவருக்கு, 1919-ஆம் ஆண்டிறுதியில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் பொருளுதவியும் கிடைத்தது. 1920-இல் ஆன்டிமனியின் கூட்டுப் பொருள் ஒன்றை யூரியாவோடு இணைத்துப் புதிய மருந்து கண்டார். அதுவே யூரியா ஸ்டிபமைன்.

கண்டவுடன் அவர் பறைசாற்றவில்லை. முதலில் பிராணிகளிடத்தும், பின்னர் நோயாளிகளிடத்தும் சோதித்து, குணமடைந்த எட்டுப் பேரின் விவரங்களை 1922 அக்டோபரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். ஷில்லாங் பாஸ்டர் நிலையத்தாரும் பிறரும் தனித்தனியே சோதித்து உண்மை கண்டனர். மாதங்கள் ஆன சிகிச்சை சில வாரங்களில் முடிந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இறந்த நிலை மாறி, தொண்ணூறு பேர் பிழைக்கும் நிலை வந்தது. பத்தாண்டுகளில் அஸ்ஸாமில் மட்டும் ஏறக்குறைய மூன்றே கால் இலட்சம் உயிர்கள் காக்கப்பட்டன என்று அம்மாகாணத்துப் பொதுச் சுகாதார இலாகா 1933-இல் கணக்கிட்டது.

மருந்தோடு, நோயை அறியும் எளிய வழியையும் அவர் தந்தார். இந்நோயில் இரத்தத்தின் தெளிநீரில் குளோபுலின் என்னும் புரதம் மிகுந்துவிடும். அது வெறும் நீரில் கரையாது. ஆகவே தெளிநீரோடு வாலை நீரைச் சேர்த்தால், நோயாளியின் இரத்தமாயின் கலங்கிப் படியும். விலையுயர்ந்த கருவி வாங்க இயலாத சிற்றூர் மருத்துவமனைக்கு இது பேருதவியாயிற்று.

வெற்றியிலும் விழிப்பு

இப்பெரியாரின் வாழ்வில் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது யாதெனின், அவர் மருந்து கண்டதன்று. மருந்து கண்ட பின்னும் கண்ணை மூடாமல் இருந்ததேயாகும்.

குணமாகிவிட்டனர் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர், நெடுநாள் கழித்துத் தோலில் வெளிறிய புள்ளிகளும் சிறு கட்டிகளும் தோன்றி அவரிடம் வந்தனர். காய்ச்சல் இல்லை, மண்ணீரல் வீக்கம் இல்லை, உடல் நலமாகவே இருந்தது. பார்ப்பவர் குஷ்டம் என்று எண்ணி ஒதுக்கத் தக்க தோற்றம் அது. உபேந்திரநாத் அக்கட்டியிலிருந்து சிறிது எடுத்து நுண்காட்டியில் வைத்தார். உள்ளே அதே காலா அஜார்க் கிருமி! உடலின் உள்ளுறுப்புகளை விட்டு நீங்கிய பகைவன் தோலில் குடியேறியிருந்தான்.

இதையும் அவர் 1922-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். புதிய மருந்தின் வெற்றியை உலகுக்கு அறிவித்த அதே ஆண்டில், ஆன்டிமனியால் நோய் தீர்ந்தது என்று நாம் கருதும் ஆளிடத்திலும் கிருமி எஞ்சியிருக்கலாம் என்றும் அறிவித்தார். தம் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அவ்வுலோகத்தை நம்பியிருந்த ஒருவர் இவ்வாறு கூறுவதற்கு எத்தகைய நேர்மை வேண்டும்! புகழ் வந்து வாயிலில் நிற்கும் வேளையில், குறையைத் தேடிக் கண்டு கூறுபவர் சிலரே. பிற நாட்டார் அந்நிலைக்கு அவர் பெயரையே இட்டுப் பிரம்மசாரியின் தோல்நோய் என்றும் வழங்கலாயினர்.

அவர் கண்டதன் ஆழம் பின்னரே உலகுக்கு விளங்கிற்று. நோயைப் பரப்புவது ஒருவகை மணல் ஈ என்பதை 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் ஐயமற நிறுவினர். மலேரியாவுக்காக வீடுகளில் டி.டி.டி. தெளித்தபோது மணல் ஈயும் மடிந்து, நோய் மறைந்ததுபோல் தோன்றியது. தெளிப்பு நின்ற பின், 1970-களில் பீகாரிலும் வங்கத்திலும் மீண்டும் தலையெடுத்தது. இடைக்காலத்தில் கிருமியைக் காத்து வைத்திருந்தவர்கள், தோலில் கட்டியோடு நலமாக நடமாடியவர்களே என்று ஆராய்ச்சியாளர் கருதினர். இன்றும் இந்நோயை ஒழிக்கும் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அத்தகையோரைத் தேடுகின்றனர். யூரியா ஸ்டிபமைன் வழக்கொழிந்து வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் 1922-இல் அவர் விடுத்த எச்சரிக்கை வழக்கொழியவில்லை. காலா அஜாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாக 2023-இல் வங்க தேசத்தை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது. நம் நாட்டிலும் நோய் பெரிதும் குறைந்துவிட்டது.

குருதிக் கொடை

1923-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1927-இல் அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வென்பது பெயரளவில்தான். இன்று ஆர். ஜி. கார் கல்லூரி எனப்படும் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். 1924-இல் கார்ன்வாலிஸ் தெருவிலிருந்த தம் இல்லத்திலேயே ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் நிறுவியிருந்தார்.

இளமையில் உதிரத்தின் அணுக்களை ஆராய்ந்தவர், முதுமையில் உதிரத்தைச் சேமித்து உயிர்காக்கும் பணியில் ஈடுபட்டது பொருத்தமேயாகும். உடலை விட்டு வெளிவந்த இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். உறைவதற்கு இரத்தத்திலுள்ள சுண்ணச் சத்து இன்றியமையாதது. எலுமிச்சையின் புளிப்பிலிருந்து பெறும் சிட்ரேட் உப்பு அச்சத்தைப் பற்றிக்கொள்வதால், அதைச் சேர்த்த இரத்தம் உறையாது. இவ்வுண்மை 1914, 1915-ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்ட பின்னரே இரத்தத்தைப் புட்டியில் சேமிக்க வழி பிறந்தது. 1937-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் இரத்த வங்கி என்னும் பெயரோடு ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1939-இல், கல்கத்தாவில் இரத்த வங்கி ஏற்பட முன்னின்றவர்களுள் தலைவர் பிரம்மசாரி. வங்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிர்வாகத் தலைமையை ஏற்ற முதல் இந்தியரும் அவரே. 1943 டிசம்பரில் ஜப்பானியர் நம் கிடர்பூர்த் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதை இவ்வூர் முதியோர் தம் பெற்றோர் வாய்க் கேட்டிருப்பர். அத்தகைய காலத்தில் சேமித்த குருதியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

பட்டமும் புகழும்

1911-இல் ராய் பகதூர், 1924-இல் கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம், 1934-இல் ஸர் பட்டம் என அரசாங்கம் அவரைச் சிறப்பித்தது. ஆசியச் சங்கத்தின் தலைவராக விளங்கினார். 1936-இல் இந்தூரில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்கும் தலைமை தாங்கினார். நோபல் பரிசுக்கு 1929-இலும், மீண்டும் 1942-இலும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. முதன்முறை பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1942-இல் போர் காரணமாக மருத்துவப் பரிசு எவருக்குமே வழங்கப்படவில்லை. பரிசு கிட்டாமையால் அவருக்கு வந்த குறைவு ஒன்றுமில்லை. பிழைத்த உயிர்களே பரிசு.

1946 பிப்ரவரி 6-ஆம் நாள் அப்பெரியார் இயற்கை எய்தினார். பார்க் தெருவுக்கு அருகிலுள்ள பழைய லௌடன் தெரு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வழியே செல்லும் நம் அன்பர்கள் அப்பெயர்ப் பலகையைக் குழந்தைகளுக்குக் காட்டி, இவ்வரலாற்றைக் கூறுவார்களாக.

நம் சங்கத்து இளைஞர்க்கு ஒரு சொல். ஆராய்ச்சி செய்ய அயல்நாடும் பளிங்கு மாளிகையும் வேண்டும் என்று எண்ணிச் சோர்வடைய வேண்டா. ரயில்வே ஊழியர் வீட்டில் பிறந்து, ரயில்வேப் பள்ளியில் படித்து, லாந்தர் விளக்கில் உழைத்தவர் உலகம் போற்றும் நிலையை அடைந்தார். உழைப்போடு உண்மையும் வேண்டும். தமக்குச் சாதகமானதைக் காணும் கண்ணாலேயே பாதகமானதையும் கண்டு உரைத்த அவருடைய நேர்மையை நாம் கைக்கொள்வோமாக. வயதும் உடல்நலமும் வாய்த்தவர்கள் ஆண்டுதோறும் குருதிக் கொடை அளிப்போமாக. நமக்கு வாழ்வளித்த இவ்வூருக்கு நாம் திருப்பித் தரக்கூடிய செல்வங்களுள் அதனினும் சிறந்தது வேறில்லை.

வாழ்க பிரம்மசாரி அவர்களின் புகழ்! வளர்க நம் தமிழ்ச் சங்கம்!